காரீயத்துக்கு விட்ட இடம்

கரட்டுப்பாளையம்
26-2-1978

சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு, மாமன் சின்னண்ணன் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை வள்ளியாத்தாள் எழுதுகிறாள். இங்கே எருமை முதற்கொண்டு எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீங்களும் சென்னியம்மாளும் பிள்ளைகளும் சுகம்தானா? அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் சுகமாக இருந்தால் அது உங்கள் கெட்டிக்காரத்தனம்.

என் மகன், உங்கள் மச்சான் தங்கசாமி, வீட்டை ஒட்டிப் போட்ட பேட்டரி கொட்டகை நன்றாக நடக்கிறது. சேலம் ரோட்டு லாரிகள் எல்லாம் இங்கேதான் நிற்கின்றன. பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்குவதற்கு நம் பண்ணையத்து ஆள் பொன்னனைப் போட்டிருக்கிறோம்.

கவலை பேத்தி சௌந்திரத்தைப் பற்றித்தான். ஐப்பசி பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் வலி நிற்கவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறாள். முகம் வெளுத்துவிட்டது. மாந்தம் என்று கார்த்திகை மூன்றிலிருந்து பத்தியம் வைத்திருக்கிறேன். பால், கீரை, முட்டை, கறி எல்லாம் நிறுத்தியாயிற்று. அரிசிக் கஞ்சியும் வரக்காப்பியும்தான். அப்படியும் குறையவில்லை. சுவரில் காரையைச் சுரண்டித் தின்கிறாள். இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற வேலையில் இருக்கிறீர்கள். பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

சின்னண்ணன் கைரேகை.
கையெழுத்து: வள்ளியாத்தாள்.

----

சென்னை
8-3-1978

மாமாவுக்கு நாச்சிமுத்து வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். தண்ணீர் இன்னும் எங்களைக் கொல்லவில்லை.

கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார். கொட்டகை வீட்டிலிருந்து எத்தனை அடி? அந்தப் புகையும் தூளும் படிகிற சுவரைத்தான் பிள்ளை சுரண்டுகிறதா? பல் ஈறில் நீலமாகக் கோடு தெரிகிறதா? வள்ளி, நீ பாப்பாவை வெளிச்சத்தில் நிறுத்தி ஈறைப் பார்.

பங்குனி நோம்பிக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும். நானே வந்து ரத்தம் எடுத்துப் போகிறேன். அதுவரை பாப்பாவைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

நாச்சிமுத்து

----

சென்னை
7-4-1978

மாமாவுக்கு வணக்கம். நோம்பிக்கு வந்தபோது நீங்கள் மடி நிறையக் கட்டிக் கொடுத்த கடலையைப் பிள்ளைகள் ரயில் வாசம் போவதற்குள் தின்று தீர்த்துவிட்டார்கள்.

வள்ளி இதைப் படிக்கும்போது நீங்கள் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். சௌந்திரத்தின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. மெஷினில் கோளாறோ என்று மூன்று தடவை பார்த்தேன். பதற்றத்தில் ஒரு குழாயை உடைத்துவிட்டேன். வயிற்று வலி, சோகை, ஈறில் நாம் மூவரும் பார்த்த அந்தக் கோடு, எல்லாம் அதனால்தான். மாந்தம் இல்லை. முற்றினால் மூளைக்குப் போகும், வலிப்பு வரும் என்கிறார் டாக்டர்.

கொட்டகையை மூடுங்கள். தாமதம் வேண்டாம்.

நாச்சிமுத்து

----

கரட்டுப்பாளையம்
14-4-1978

மாப்பிள்ளைக்கு மாமன் சொல்லி எழுதுவது. வருஷப் பிறப்பும் அதுவுமாக உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

வள்ளியாத்தாள் வாசித்தாள். கேட்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். பொன்னன் மகள் அங்கம்மாளை நீங்கள் பார்த்தீர்களே. நம்ம பாப்பாவுக்கும் அவளுக்கும் பதினேழு நாள்தான் வித்தியாசம். அவள் அப்பன் காரீயம் உருக்குகிறான், அவள் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் படுத்துத் தூங்குகிறாள். பேட்டரிக் கட்டையை வைத்து வீடு கட்டி விளையாடுகிறாள். நம்ம பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் அங்கே போகும். காரீயம்தான் காரணம் என்றால் முதலில் விழ வேண்டியவள் யார்? அவள் நேற்றுப் புளியமரத்தில் ஏறி இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

பொன்னனிடம் சொன்னேன். அவன் சிரிக்கிறான். "ஏனுங்க சாமி, காரீயத்துக்குக் கண்ணு இருக்குதுங்களா? பண்ணையத்தாளு புள்ளைய உட்டுட்டு, பண்ணாடி ஊட்டுப் புள்ளையாப் பாத்துப் புடிக்குமுங்களா?"

நியாயமான கேள்விதானே? உங்கள் மெஷின்தான் தப்பு. தங்கசாமி ஒத்துக்கொண்ட வேலை முப்பது பேட்டரிக்கு மேல் கிடக்கிறது.

சின்னண்ணன் கைரேகை.
கையெழுத்து: வள்ளியாத்தாள்.

----

சென்னை
21-4-1978

மாமாவுக்கு வணக்கம். இங்கே வெயில் தவிர வேறு குறையில்லை.

உங்கள் கேள்வியை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். "உங்க மாமா படிச்சவரா?" என்றார். இல்லை என்றேன். "சரியான கேள்வியைக் கேட்டிருக்கார்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இரும்பும் துத்தநாகமும் கடுகளவாவது வேண்டும். இவை கேழ்வரகு, கீரை, பால், கறி, முட்டை இவற்றில் இருக்கின்றன. காரீயமும் குடலில் இவை நுழைகிற அதே வழியாகத்தான் நுழைகிறது. டவுன் பஸ்ஸில் சீட்டெல்லாம் நிறைந்திருந்தால் புதிதாக ஏறுகிறவன் தொங்கிக்கொண்டு வந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான். பஸ் காலியாக இருந்தால் சம்மணம் போட்டு உட்காருவான். பசித்த உடம்பு காரீயத்தை, வேண்டியதுதான் வந்திருக்கிறது என்று ஏமாந்து, எலும்பு வரைக்கும் கூட்டிப் போய் வைத்துக்கொள்கிறது. சத்து நிறைய இருந்தாலும் விஷம் விஷம்தான். நுழைவது குறையும், அவ்வளவே.

இரும்புச் சத்து குறைந்த பிள்ளைகள்தான் மண்ணையும் காரையையும் தின்னுமாம். அவள் உடம்பு கேட்டிருக்கிறது மாமா. நாம் அடித்திருக்கிறோம்.

பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். அங்கம்மாளைச் சூரமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே என் சிநேகிதன் ரத்தம் எடுத்து அனுப்புவான். அடுத்து, இரண்டு பிள்ளைகளும் பால் மறந்த நாளிலிருந்து என்னென்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள். வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது. உங்களுக்குத்தான் எதுவும் மறக்காது.

நாச்சிமுத்து

----

கரட்டுப்பாளையம்
1-5-1978

மாப்பிள்ளைக்கு. எல்லோரும் சுகமா? பத்தியத்தை முறித்துவிட்டோம். பாப்பா முட்டையைப் பார்த்து அழுதாள், தின்கிற ஆசை போய்விட்டது போலிருக்கிறது. அங்கம்மாள் ரத்தம் கொடுத்துவிட்டு, எனக்குத்தான் ஊசி போட்டார்கள் என்று தெருவெல்லாம் பெருமை அடிக்கிறாள்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். பொன்னன் வீட்டில் காலையில் கம்பங்கூழ், பொழுது சாய ராகிக் களி. தொட்டுக்கொள்ள வேலியோரம் பறித்த முருங்கை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை. மழை பெய்தால் வாய்க்கால் நண்டு, ஓட்டோடு இடித்து ரசம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தம் வறுப்பார்கள். ஏனென்றால் அது மலிவு. அரிசிச் சோறு நோம்பி நாளில் மட்டும்.

நம்ம பாப்பாவுக்கு முதல் வாய் சோறு ஊட்டியது மூன்றாம் ஆவணி ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து மில் அரிசிச் சோறுதான். வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், சர்க்கரை போட்ட காப்பி, கடை ரொட்டி. கீரையை ஒதுக்கி வைப்பாள், விட்டுவிடுவோம். பால் கொஞ்சம் குடித்தாள், கார்த்திகையோடு அதுவும் நின்றது. ராகி, கம்பு எதுவும் அவள் வாயில் பட்டதில்லை.

ஏன் படவில்லை என்று கேட்பீர்கள். சமையல்கட்டு விஷயம் எனக்கு என்ன தெரியும்? வள்ளியாத்தாளைத்தான் கேட்க வேண்டும்.

சின்னண்ணன் கைரேகை.
கையெழுத்து: வள்ளியாத்தாள்.

----

சென்னை
16-5-1978

மாமாவுக்கு வணக்கம்.

அங்கம்மாள் ரத்தத்திலும் காரீயம் இருக்கிறது. நம் பாப்பாவுக்கு இருப்பதில் பாதிக்கும் கீழே. அப்பன் அடுப்படியில் படுத்துத் தூங்குகிறவளுக்குப் பாதி. டாக்டரே இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். களியும் கீரையும் நண்டும் அவளை இவ்வளவு நாள் தாங்கியிருக்கின்றன. ஆனால் பாதி என்பதும் விஷம்தான், அவளுக்கும் ஆபத்து உண்டு. பொன்னனிடம் உடனே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையையும் கொட்டகையிலிருந்து விலக்குங்கள். கொட்டகையை மூடுங்கள் என்று இரண்டாம் தடவையாக எழுதுகிறேன்.

வள்ளி, இது உனக்கு. நீ எட்டாவது வரை படித்தவள். நம் அம்மா நம்மைக் களி போட்டுத்தான் வளர்த்தாள். உனக்கு என்ன பவிசு வந்தது? ஒரு பிடி ராகி மாவைக் கரைத்துக் கொடுக்கக்கூட உனக்குக் கை வரவில்லையா? எழுதவே எனக்கு வாய் கசக்கிறது. பெற்ற பிள்ளையைக் காலிப் பாத்திரமாக்கி விஷத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாய்.

நாச்சிமுத்து

----

சென்னை
4-6-1978

மாமாவுக்கு. நான் எழுதிப் பத்தொன்பது நாளாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வந்தது மச்சானும் வள்ளியும் பாப்பாவும்தான்.

வலிப்பு கண்ட பிள்ளையை மச்சான் தோளில் போட்டு ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்து நான் என் பெயரையே மறந்து நின்றேன். இரண்டாம் வலிப்பு ஆஸ்பத்திரி வாசலில் வந்தது. இப்போது ஊசி போடுகிறார்கள். காரீயத்தைப் பிடித்து மூத்திரத்தில் வெளியே தள்ளுகிற மருந்து. அது போகும்போது நல்ல துத்தநாகத்தையும் கூட்டிப் போகிறதாம், அதனால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்று நாளாக வலிப்பு இல்லை.

வள்ளி என்னோடு பேசவில்லை. "அண்ணா, பாப்பாவுக்குத் துணி மாத்தணும், தள்ளுங்க." இதுதான் ஐந்து நாளில் அவள் என்னிடம் சொன்னது.

இரண்டு கேள்வி. பொன்னனிடம் சொன்னீர்களா? கொட்டகையை மூடினீர்களா?

நாச்சிமுத்து

----

ராசிபுரம்
11-6-1978

மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு, மாமன் சின்னண்ணன். பாப்பாவுக்கு மறுபடியும் வலிப்பு வந்ததா என்று மட்டும் முதலில் தெரிய வேண்டும். மற்றவர்கள் சுகத்தை அப்புறம் கேட்கிறேன்.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்ப்பீர்கள். பத்திர ஆபீசு வாசலில் மனு எழுதுகிற சடையன் என்பவர் எழுதித் தருகிறார். நம் ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்கள் காதில் இது விழக் கூடாது என்று இங்கே வந்தேன்.

நீங்கள் உங்கள் தங்கையைத் திட்டி எழுதிய கடிதத்தை அவளே எனக்கு வாசித்தாள். உரத்த குரலில், ஒரு எழுத்து விடாமல், "காலிப் பாத்திரமாக்கி" என்கிற வரையில் வாசித்தாள். மடித்து உறையில் போட்டாள். "பதிலு எழுதோணுங்களா மாமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தப்பு அவளுடையதில்லை. கர வருஷத்துப் பஞ்சத்தில் சர்க்கார் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். நாலு ஏக்கரா காட்டுக்காரன் நான், கஞ்சி வாங்குகிற ஈயப் போசியைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பொன்னன் அப்பன். திரும்பிப் பார்த்தவன், "சாமி, நீங்க முன்னால போங்க" என்று விலகி நின்றான். மரியாதைக்குத்தான் சொன்னான். ஊரே திரும்பிப் பார்த்தது. அன்று வாங்கிய ராகிக் கூழ் தொண்டையில் நெருப்பாக இறங்கியது. கிணற்றில் தண்ணீர் ஊறி முதல் நெல் அறுத்த அன்று, இனி என் வாசலில் ராகி ஏறாது என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷம் ஏறவில்லை.

பாப்பாவுக்கு மூன்று வயதில், புரட்டாசி எட்டாம் தேதி, பொன்னன் பெண்டாட்டி ராமாத்தாள் வீட்டில் வாங்கிய ராகிக் கூழை வள்ளியாத்தாள் பின்வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சட்டியை உதைத்தேன். "எம் பேத்தி பண்ணையத்தாளு ஊட்டுக் கூழு குடிக்கறதா?" என்றேன். அவள் எழுந்து நின்று, "ஏனுங்க மாமா, ஒரு வாயி கூழுக்கு ஊடு இடிஞ்சா போயிரும்? புள்ள ஆசையாக் குடிக்குது" என்றாள். கர்ப்பூரம் கொளுத்திப் பிள்ளை தலைமேல் அவள் கையை வைக்கச் சொன்னேன். இனி ராகி கொடுக்க மாட்டேன், இதை யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன்.

"வள்ளியாத்தாளைத்தான் கேட்க வேண்டும்" என்று நான் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தான். அதையும் எழுதினாள்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சின்னண்ணன் கைரேகை.

----

சென்னை
20-6-1978

மாமாவுக்கு வள்ளியாத்தாள் எழுதிக்கொள்வது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? எருமையை யார் கறக்கிறார்கள்? இத்தனை நாள் உங்கள் கடிதங்களை எழுதினேன். இது என் கடிதம். சடையன் என்கிறவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை.

அண்ணன் வாசித்துக் காட்டினார். பாதியில் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்றைக்கு அந்த வரியை நீங்கள் சொன்னபோது என் பேனா நின்றது. "எழுதியாச்சா?" என்று கேட்டீர்கள். எழுதிவிட்டேன் என்றேன். அந்த இடத்தில் நான் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வரியில் அண்ணனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். மீறாமல் இருந்தேன். பாருங்கள், என்ன ஆயிற்று.

பாப்பா உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். நேற்றுச் சிலேட்டைக் கொடுத்தேன். போன வருஷம் உயிரெழுத்துப் பன்னிரண்டும் எழுதினவள், ஈ வரைக்கும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, இதுக்கு அப்பறம் என்னது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். மறுபடியும் ஈயில் நின்றாள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். உங்கள் மகன் வெளியே போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் கேட்ட இரண்டு கேள்விக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. பழசை எல்லாம் சொன்ன நீங்கள் இதைச் சொல்லவில்லை. நானும் ஊரில் இருந்த பத்து நாள் ராமாத்தாளிடம் சொல்லாமல் இருந்தேன். தினமும் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு. போய்ச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை நாங்கள் வர மாட்டோம்.

வள்ளியாத்தாள்

----

ஆத்தூர்
26-6-1978

வள்ளியாத்தாளுக்கும் மாப்பிள்ளைக்கும் சின்னண்ணன் சொல்லி எழுதுவது. நான் இருக்கிறேன். பாப்பா எந்த எழுத்து வரைக்கும் எழுதினாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள். ஆத்தூர்த் தபாலாபீசில் மணியார்டர் பாரம் நிரப்ப வந்த ஒருவரைக் கேட்டு இதை எழுதுகிறேன். நல்ல மனிதர், என்னை யாரென்று கேட்கவில்லை.

கொட்டகையை நான் மூடவில்லை. தங்கசாமி ஒத்துக்கொண்ட பேட்டரிகளை முடித்துவிடலாம் என்று பொன்னனை வைத்து நடத்திக்கொண்டிருந்தேன். "எம் புள்ள ரத்தத்துல என்னங்க சாமி சொன்னாங்க?" என்று வைகாசியில் ஒருநாள் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே போய் அடுப்பை மூட்டினான்.

வள்ளியாத்தாள் கடிதம் கேட்ட மறுநாள் சனிக்கிழமை காலையில் போனேன். அவன் உருக்கிக்கொண்டிருந்தான். அங்கம்மாள் சாக்கில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "பாப்பாவுக்கு இருக்கற அதேதுங்களா?" என்றான். அதேதான், பாதி என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான். பிள்ளையைத் தூக்கி வெளியே வெயிலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். ராமாத்தாள் ஓடி வந்து, "என்னங்க, என்னங்க" என்றாள். பிள்ளையின் ஈறை அவளுக்குக் காட்டினான்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?" என்றான்.

நேற்றுத்தான் என்றால் நம்பியிருப்பான். வாய் வரைக்கும் வந்தது. "முப்பத்தாறு நாள்" என்றேன்.

"முப்பத்தாறு நாளுங்களா?" என்றான். "அத்தன நாளும் இவ இங்கதானுங்க கெடந்தா. நீங்க அந்தக் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நான் அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தை அவனிடம் பார்த்ததில்லை. ராமாத்தாள்தான் பேசினாள். "உங்க ஊட்டுப் புள்ளைன்னா மெட்ராஸுக்குத் தூக்கிட்டு ஓடறீங்க. எங்க புள்ளைன்னா வாய மூடிக்கறீங்க. போங்க சாமி, நல்லா இருங்க." மூட்டை கட்ட அவளுக்கு நாழி ஆகவில்லை. ஆத்தூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு என்று பஸ் ஏறினார்கள். சென்னையில் டாக்டர் பார்ப்பார், நானே கூட்டிப் போகிறேன் என்று பஸ் நகர நகரக் கத்தினேன். பொன்னன் திரும்பவில்லை. அங்கம்மாள் மட்டும் நான் விளையாட்டுக்கு ஓடி வருகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அடுப்பை உடைத்துவிட்டேன். பேட்டரிகளை லாரிக்காரர்கள் எடுத்துப் போகட்டும்.

நேற்றுக் காலையிலிருந்து இந்த ஊரில் திரிகிறேன். ஜவ்வரிசி மில்லில் கேட்டேன், அரிசி ஆலையில் கேட்டேன், சந்தையில் கேட்டேன். பொன்னன், ராமாத்தாள், ஏழு வயசுப் பெண்பிள்ளை என்கிறேன். எந்த ஊர், யார் வீடு என்று திருப்பிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பிள்ளை பிறந்த நாழிகை எனக்குத் தெரியும். அவன் எங்களிடம் வேலைக்கு வந்த கிழமை தெரியும். ராமாத்தாள் எந்த ஊரில் பிறந்தவள் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

வள்ளியாத்தா, நீ அவளிடம் பேசுகிறவள், உனக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தபாலாபீசுக்குத் தந்தி அடி. ஊர்ப் பெயர் மட்டும் போதும். நான் இங்கேயே இருக்கிறேன்.

சின்னண்ணன் கைரேகை.